ராக்ஸி பாணியில் ஒரு மௌனப்படக் காட்சி: வேகம், இசை, விளக்கு

சாமுவேல் ‘ராக்ஸி’ ரோத்தஃபெல் 1908-இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் சிட்டியில், மதுக்கடையை ஒட்டிய கூடத்தில் படம் காட்டத் தொடங்கிய அமெரிக்கத் திரையரங்க நிர்வாகி. 1913-இல் நியூயார்க் ஹார்லெமின் ரீஜென்ட் அரங்கம், அடுத்து ஸ்ட்ராண்ட், ரியால்டோ, ரிவோலி, கேப்பிட்டல் அரங்கங்கள். 1927 மார்ச் 11 அன்று நியூயார்க்கில் அவர் பெயரிலேயே ஏறக்குறைய 6,000 இருக்கைகளோடு ஓர் அரங்கம் திறந்தது. இசைக்குழுவில் மட்டும் 110 பேர். அரங்கம் பெரிதானாலும் கவனம் ஒன்றுதான்: படம் ஓடும் வேகமும் இசையும் விளக்கும் ஒன்றையொன்று விட்டு விலகக் கூடாது. 50 நாற்காலி போட்ட கூடத்திலும் இதைச் செய்யலாம்.

வேகத்தில்தான் பெரும்பாலான காட்சிகள் கெடுகின்றன. 35 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 16 ஃபிரேம் (தனித்தனிப் படம்). 1,000 அடி ரீல், நொடிக்கு 16 ஃபிரேமில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 20-இல் 13 நிமிடம் 20 நொடி. பேசும்பட வேகமான 24-இல் 11 நிமிடம் சொச்சம். எனவே ‘ஓடும் நேரம்’ என்று எங்கோ போட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம். நடப்பவர்களையும் கொட்டும் தண்ணீரையும் பார்த்து வேகத்தை முடிவு செய்யுங்கள். கேமராவைக் கையால் சுற்றிய காலம் என்பதால் ரீலுக்கு ரீல் மாறவும் செய்யும்.

டிஜிட்டல் கருவி 24-இல் மட்டும் ஓடுமானால் ஃபிரேம்களை இரட்டிக்க வேண்டும். 16-க்கு இரண்டு ஃபிரேமில் ஒன்றை இரட்டிக்க வேண்டும், 18-க்கு மூன்றில் ஒன்று, 20-க்கு ஐந்தில் ஒன்று. மென்பொருள் இரண்டு ஃபிரேமைக் கலந்து இடைஃபிரேம் உருவாக்கினால் கைகால்கள் ஆவிபோலத் தெரியும்; அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

பிலிம் புரொஜக்டர் என்றால் மூன்று இதழ் ஷட்டர் (சுழன்று ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் தகடு) போடுங்கள். இரண்டு இதழோடு 16-இல் ஓட்டினால் நொடிக்கு 32 மினுக்கல்தான், கண் வலிக்கும். பேசும்படத்தின் ஒலித்தடத்தை மறைக்கும் கேட் தகட்டையும் (படச்சுருள் கடக்கும் இடத்தில் ஒளியின் அளவைத் தீர்மானிக்கும் சட்டம்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் இடது ஓரம் வெட்டுப்பட்டு எழுத்தட்டைகளின் (படத்தின் நடுவே வசனம் காட்டும் அட்டைகள்) முதல் எழுத்துகள் காணாமல் போகும். எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் படச்சுருள் கிடைத்தால் தொடவே வேண்டாம். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது.

இசைக்கு ஒரு குறிப்புத்தாள் வேண்டும்: நேரம், எழுத்தட்டையின் வாசகம் அல்லது நிகழ்வு, தாளகதி, வாசிக்க வேண்டியது. கடிகாரத்தைவிட எழுத்தட்டையை நம்பி இசைத்துண்டு மாற்றுவதே பத்திரம். படத்தில் யாரோ கன்னத்தில் அறையும்போதும் விழும்போதும் மத்தளம் தட்டினால் பத்தே நிமிடத்தில் அலுத்துவிடும். தெரிந்த சினிமாப் பாட்டும் ஆகாது. பார்ப்பவர் மனசு பாட்டின் வரிகளுக்குப் போய்விடும். ஒத்திகை, காட்டப்போகும் அதே வேகத்தில். 24-இல் 70 நிமிடம் ஓடும் கோப்பை வைத்துப் பழகிவிட்டு 20-இல் காட்டினால் படம் 84 நிமிடம். கடைசி 14 நிமிடத்துக்கு இசை இருக்காது.

வாசிப்பவர் விளக்குக்கு மேல்மறைப்பு போடுங்கள். இசைக்குறிப்பு எழுதிய வெள்ளைத்தாள் ஒளியைத் திரைமேல் திருப்பும், பழுப்புத்தாள் நல்லது. அரங்க விளக்கைப் பட்டென்று அணைக்காமல் முன்னிசையோடு படிப்படியாகக் குறையுங்கள்.

முன்நிகழ்ச்சி எல்லாம் சேர்த்து 20 நிமிடத்துக்குள் முடியட்டும். 1932 டிசம்பர் 27-இல் மேடை நிகழ்ச்சிகளுக்கென்றே நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலைத் திறந்தபோது ராக்ஸியே இதில் சறுக்கினார்: மேடை நிகழ்ச்சி நள்ளிரவையும் தாண்டி இழுத்தது, சில வாரங்களிலேயே அங்கே படம் காட்ட வேண்டியதாயிற்று.