தண்ணீரின் போக்கறிந்து வட ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டல வடபகுதிக்குச் செல்ல விரும்புகிறவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவமழை கொட்டித் தீர்க்கும். மே முதல் அக்டோபர் வரை வானம் தெளிந்திருக்கும். எந்தச் சாலை திறந்திருக்கும், எந்த மடுவில் குளிக்கலாம், பறவைகள் எங்கே கூடும் என்பவற்றையெல்லாம் அந்தந்த வாரத்துத் தண்ணீர் மட்டமே தீர்மானிக்கிறது. டார்வினுக்குக் கிழக்கேயுள்ள காக்கடு தேசியப் பூங்காவின் பூர்வகுடிகள் ஆண்டை இரண்டாக அல்லாமல் ஆறு பருவங்களாகப் பிரித்திருப்பதன் நியாயம், அங்கே சில நாட்கள் தங்கினாலே விளங்கிவிடும்.

இதற்குக் காக்கடுவிலுள்ள ஜிம் ஜிம் அருவியே தக்க சான்று. சுமார் 200 மீட்டர் உயரமுள்ள பாறை விளிம்பிலிருந்து அது முழு வேகத்தில் விழும் மழைக்காலத்தில், அங்கே செல்லும் மண்பாதை நீரில் மூழ்கிவிடுவதால், வானிலிருந்து மட்டுமே அதைக் காண முடியும். பாதை காய்ந்து திறக்கப்பட்ட பின்போ அருவி நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும். ஆகவே, முதன்முறை செல்கிறவர்களுக்கு மே மாத இறுதியிலிருந்து ஜூலை வரையிலான காலத்தையே நான் பரிந்துரைப்பேன். அப்போது அருவிகளில் ஓரளவு நீர் இருக்கும், பாதைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

வட எல்லைப்புறப் பிரதேசத்தின் தலைநகரான டார்வினையும், குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கடலோர நகரமான கெய்ர்ன்ஸையும் ஒரே காரில் இணைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் இடையே சாலைவழி 2,500 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளது. ஒன்றை முழுமையாகப் பார்த்துவிட்டு, மற்றொன்றுக்கு விமானத்தில் செல்வதே முறை. மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள கிம்பர்லி பகுதியின் கிப் ரிவர் சாலை ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளம். அதன் பெரும்பகுதி மண்சாலை என்பதால் அதற்குத் தனிப் பயணமே வேண்டும்.

டார்வினிலிருந்து காக்கடுவிலுள்ள ஜபிரு என்னும் சிற்றூர் சுமார் 250 கிலோமீட்டர். பூங்கா நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடலாம். உபிர் பாறை ஓவியங்களைப் பார்க்க மாலையில் செல்லுங்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன தைலசின் என்னும் விலங்கின் உருவமும் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. ஓவியங்களைக் கண்டபின் பாறை மேலேறினால், நடாப் வெள்ளச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம்வரை பசுமையாக விரிந்து கிடக்கும். மறுநாள் விடியலில் யெல்லோ வாட்டர் என்னும் சதுப்புநீர்ப் பகுதியில் படகுச் சவாரிக்கு இடம் பதிந்துவையுங்கள். பகல் ஏற ஏறப் பறவைகள் நிழலுக்கு ஒதுங்கிவிடும் என்பதால், முதல் படகே சிறந்தது.

முதலை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே இரண்டு இனங்கள் உண்டு. நன்னீர் முதலை ஒடுங்கிய மூக்குடையது, சீண்டாதவரை பெரும்பாலும் விலகியே போகும். உவர்நீர் முதலை மனிதரைக் கொல்லக்கூடியது. பெயரை நம்பி அது கடலோரத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது, வெள்ளத்தோடு ஆற்றில் வெகுதூரம் மேலேறி வந்துவிடும். எச்சரிக்கைப் பலகை இல்லாததை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிக்கலாம் என்று பூங்கா நிர்வாகம் அறிவித்த இடத்தில் மட்டுமே, அதுவும் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிந்த பிறகே, நீரில் இறங்குங்கள். கரையிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மீன் கழுவுவதோ, கூடாரத்தை நீரோரம் அடிப்பதோ, தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொள்வதோ ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

டார்வினுக்குத் தெற்கே, கேத்ரின் நகருக்கு அருகிலுள்ள நிட்மிலுக் தேசியப் பூங்காவில் இந்தக் கவனம் எவ்வளவு நுணுக்கமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைக் காணலாம். மழைக்காலம் முடிந்ததும் வனக்காவலர்கள் ஆற்றில் மிதவைகளைக் கட்டிவைக்கிறார்கள். எதையும் கடித்துப் பார்க்கும் குணம் உவர்நீர் முதலைக்கு உண்டு என்பதால், மிதவையில் பதிந்த பல் தடமே அது வந்து போனதைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலை பிடிக்கும் கூண்டுகளும் இரவுநேரக் கணக்கெடுப்பும் முடிந்து, ஆறு பாதுகாப்பானது என்று உறுதியான பின்பே சிறு துடுப்புப் படகுகளுக்கு வழிவிடுகிறார்கள். ஜாவொய்ன் பூர்வகுடி மக்களுக்கு 1989இல் உரிமை திரும்பக் கிடைத்த இந்நிலத்தில், செந்நிற மணற்பாறைச் சுவர்களுக்கிடையே 13 பள்ளத்தாக்குகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாறை மேல் நடந்து சென்று வேறு படகு ஏற வேண்டியிருக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம். நன்னீர் முதலைகள் முட்டையிடும் மணல்திட்டுகளில் கால்வைக்கத் தடை உண்டு.

சாலையில் 50 மீட்டருக்கும் நீளமான சரக்கு வண்டித் தொடர்கள் ஓடும். நெடுந்தூரம் எதிரே ஒன்றும் வராதபோது மட்டுமே அவற்றை முந்துங்கள். அந்திக்குப் பின் வாலபி என்னும் சிறு கங்காருகள் குறுக்கே பாயும் என்பதால், இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். வாடகைக் காரின் காப்பீடு மண்சாலைக்கும் நீர்க்கடவைகளுக்கும் பொருந்துமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். பல இடங்களில் கைப்பேசி இணைப்பு இருக்காது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிநீர் வண்டியில் இருக்கட்டும்.

கெய்ர்ன்ஸ் பக்கம் காட்சியே மாறிவிடும். 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஈர வெப்பமண்டலக் காடுகள் இங்கே கடலோரம்வரை இறங்கி வருகின்றன. மொஸ்மன் பள்ளத்தாக்கில் குக்கு யலாஞ்சி பூர்வகுடி வழிகாட்டிகளோடு நடப்பதற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மேல்மலையில் மழை பெய்திருந்தால் அங்கே ஆற்றில் இறங்க வேண்டாம். பாதையை விட்டு விலகாதீர்கள். இதய வடிவ இலையுடைய கிம்பி-கிம்பி செடியின் நுண்ணிய முட்கள் தோலில் ஏறினால், வலி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரலாம்.

பறக்க இயலாத பெரும் பறவையான கசோவரியைக் காண விரும்பினால் முதலில் தரையைக் கவனியுங்கள். பெரிய விதைகள் செரிக்காமல் அப்படியே குவிந்து கிடக்கும் எச்சத்தைக் கண்டால், பறவை அப்பக்கம் நடமாடுகிறது என்று பொருள். அவ்விதைகளில் பலவற்றை இவ்வளவு தூரம் சுமந்து பரப்ப அந்தக் காட்டில் வேறு உயிரினம் இல்லை. எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது. முகம் அதன் பக்கமே இருக்க, பையை முன்னே பிடித்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். குஞ்சுகளோடு வருவது ஆண் பறவை. அது கூடுதலாகச் சீறும். உணவு போடுவது சட்டப்படி குற்றம். உணவுக்குப் பழகிய பறவைகள் சாலைக்கு வந்து வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன என்பதால், உணவு போடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

மலைமேலுள்ள யுங்கபுரா என்னும் சிற்றூரில் ஓடையருகே அதிகாலையிலோ அந்தியிலோ அசையாமல் நின்றால் வாத்தலகும் முட்டையிடும் இயல்பும் கொண்ட பாலூட்டியான பிளாட்டிபஸ் தென்படலாம். முதலில் குமிழிகள் வரிசையாக எழும், பிறகு சில நொடிகளுக்கு மட்டும் அது மேலே வந்து மென்றுவிட்டு மறுபடி மூழ்கும்.

கெய்ர்ன்ஸுக்கு வடக்கேயுள்ள டெயின்ட்ரீ ஆற்றை, வண்டிகளை ஏற்றிச்செல்லும் கம்பிவடப் படகில் கடக்கும் முன் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். கேப் டிரிபுலேஷன் என்னும் கடலோர இடம்வரை தார்ச்சாலை உண்டு. அதற்கப்பால் செல்ல நான்கு சக்கர இயக்க வாகனம் தேவை. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலோடு வந்த பெருமழை இச்சாலையைப் பல இடங்களில் அறுத்துவிட்டது. ஆகவே, கிளம்பும் நாளன்று காலையில் குயின்ஸ்லாந்து அரசின் சாலை நிலவர அறிவிப்பைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.