அக்கோ: கோட்டை நகர வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கு இஸ்ரேலின் அக்கோ துறைமுகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'சிலுவைப்போர்க் கோட்டை' என்றே தொடங்குகிறார்கள். பெரிய தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்று பழைய நகரைச் சுற்றி நிற்கும் மதில் ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப்போர் வீரர்கள் கட்டியதல்ல. 1291 மே மாதம் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அல் அஷ்ரஃப் கலீல் நகரைப் பிடித்ததும் அவர்களுடைய அரண்களை இடித்துத் தள்ளினார். பிறகு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நகரின் பெரும்பகுதி பாழாகவே கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸாஹிர் அல் உமர் என்ற அரபுத் தலைவர்தான், பருத்தி வணிகத்தால் செழித்து, அதற்கு மறுபடி உயிர் கொடுத்து மதில் எழுப்பினார். அவர் பெயரே வராத அக்கோ வரலாறு பாதி வரலாறுதான்.

1799இல் பிரெஞ்சுத் தளபதி நெப்போலியன் மோதியது இந்த மதிலோடு. அதன் பலம்தான் அவரைத் தடுத்தது என்று எழுதுவதும் சரியில்லை. அது அவ்வளவு தடித்த சுவரே அல்ல. அவர் கடல்வழியே அனுப்பிய கனரகப் பீரங்கிகளை ஆங்கிலேயக் கடற்படையின் சிட்னி ஸ்மித் வழியிலேயே கைப்பற்றிவிட்டார். பிரெஞ்சு முகாமில் பிளேக் பரவியது. உள்ளே ஒட்டோமான் ஆளுநர் ஜஸ்ஸார் பாஷா விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு மாதம் போராடிவிட்டு, மே 20 வாக்கில் நெப்போலியன் திரும்பினார். அவர் கடிதம் எழுதி நட்பு தேடிய திப்பு சுல்தான், அதே மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்திருந்தார். இன்று நாம் பார்க்கும் அக்கோவின் தடித்த வெளிமதில் நெப்போலியனின் முற்றுகைக்குப் பிறகு கட்டியது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்கள் தலையில் கட்டுவது. கோட்டைக்குக் கீழே உள்ள பெரிய மண்டபங்கள் அவர்களைப் போன்ற இன்னொரு அமைப்பான ஹாஸ்பிடலர்களுடையவை. அவை முதலில் தரைக்குக் கீழே கட்டப்பட்டவையும் அல்ல. பிற்காலத்தில் அவற்றை மண்ணால் நிரப்பி மேலே கட்டியதால்தான் கீழே போயின. டெம்ப்ளர்களின் கோட்டை கடலோரத்தில் அழிந்துபோனது. 1994இல் கிடைத்த, சுமார் 150 மீட்டர் நீளச் சுரங்கப்பாதைதான் அவர்கள் பெயரைச் சொல்கிறது.

2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்பதற்காக அக்கோவை அருங்காட்சியகமாக நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பழைய நகரில் அரபுக் குடும்பங்கள் வாழ்கின்றன. 1781இல் ஜஸ்ஸார் கட்டிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது, துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. அவர்களை விட்டுவிட்டுக் கற்களை மட்டும் விவரிக்காதீர்கள்.