அளவீட்டு விளக்கு வேண்டாம், சிரியஸ் போதும்

கேமரா முன் விளிம்பு விளைவுக் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங்) மாட்டி நட்சத்திரங்களின் நிறமாலை எடுப்பவர்கள், அலைநீளம் பொருத்த நியான் விளக்குக்குச் செலவழிக்க வேண்டாம். அன்றிரவே சிரியஸை ஒரு படம் எடுங்கள். ஆர்ஸ்பெக் போன்ற மென்பொருளில் பிரியாமல் விழும் நட்சத்திரப் புள்ளிக்கு 0, நீலப்பச்சையில் விழும் ஹைட்ரஜன் பீட்டா பள்ளத்துக்கு (ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சிய இருண்ட கோடு) 4861 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) கொடுங்கள். இடைவெளி 486 பிக்சல் என்றால் பிக்சலுக்கு 10 ஆங்ஸ்ட்ராம். சிவப்பில் ஹைட்ரஜன் ஆல்ஃபா பள்ளம் 656-ஆம் பிக்சலில் வந்தால் கணக்கு சரி.

சிரியஸ் ஏ வகை நட்சத்திரம், அதில் ஹைட்ரஜன் கோடுகள் ஆழமானவை. ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்பதைத் தீர்மானிப்பது கீற்றணியும் சென்சாரிலிருந்து அதன் தூரமும்தான். ஆகவே அதே அளவு திருவாதிரை போன்ற வேறு நட்சத்திரத்துக்கும் பொருந்தும். எக்ஸ்போஷர் கூடினால் பள்ளம் நிரம்பிவிடும், கவனம்.

சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை மொட்டை மாடிகளில் கிழக்கே துறைமுக வெளிச்சமும் கடல் ஈரமும் படுத்தும். பிப்ரவரியில் இரவு 9 மணி வாக்கில் சிரியஸ் தெற்கே 60 பாகை உயரத்தில் இருக்கும், அப்போது எடுங்கள். நிறமாலைக்கு மேலும் கீழும் உள்ள வானப் பட்டையைக் கழிக்க மறக்காதீர்கள்.

கேமராவைக் கழற்றி மாட்டினால் இந்த அளவு செல்லாது. ஒளி நுழையக் குறுகிய பிளவு வைத்த, நுண்ணிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் உயர் பிரிதிறன் கருவிக்கும், டாப்ளர் வேகம் (நட்சத்திரம் நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகம்) அளக்கவும் அளவீட்டு விளக்கு கட்டாயம் வேண்டும்.