உப்புத் தண்ணீர் ஒன்று, கணக்கு நாலு

பத்து சதவீத உப்புக் கரைசலின் மோலாரிட்டி (லிட்டருக்கு எத்தனை மோல் உப்பு; மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) என்ன என்று கேட்டால் பலரும் உடனே சூத்திரத்தைத் தேடுவார்கள். அதை ஓரமாக வையுங்கள். எதால் வகுக்கிறோம் என்று பார்த்தாலே போதும்: எடைச் சதவீதத்துக்கும் பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) உப்பின் எடையை வகுப்பது கரைசலின் எடை, மோலாரிட்டிக்கு உப்பின் மோலை வகுப்பது கரைசலின் கொள்ளளவு லிட்டரில், மோலாலிட்டிக்கு அதே மோலை வகுப்பது தண்ணீரின் எடை மட்டும், கிலோவில்.

எப்போதும் 100 கிராம் கரைசலில் தொடங்குங்கள். அதில் உப்பு 10, தண்ணீர் 90. சோடியம் குளோரைடின், அதாவது உப்பின், மோல் நிறை (ஒரு மோலின் எடை) 58.44 கிராம், ஆக 10 கிராம் என்பது 0.171 மோல். அதை 0.090 கிலோவால் வகுத்தால் மோலாலிட்டி 1.90, முடிந்தது. மோலாரிட்டிக்குத்தான் அடர்த்தி வேண்டும், அது கையில் இல்லாமல் எடையிலிருந்து கொள்ளளவுக்குப் போக வழியே இல்லை. 20 டிகிரி செல்சியஸில் இந்தக் கரைசல் மில்லிக்கு 1.07 கிராம், அப்படியென்றால் 100 கிராம் 93.5 மில்லி, 0.171 ÷ 0.0935 = 1.83. பிபிஎம்முக்குச் சதவீதத்தைப் பத்தாயிரத்தால் பெருக்குங்கள், ஒரு லட்சம்.

சரி, அடர்த்திக்கு எங்கே போவது? தூத்துக்குடி உப்பளத்தில் டிகிரி பார்ப்பதைக் கவனியுங்கள். அது வெயில் டிகிரி அல்ல, பாமே டிகிரி, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு. உயரமான குவளையில் பாத்தித் தண்ணீரை மொண்டு, ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி பார்க்கும் கோடு போட்ட மிதவை) மிதக்கவிட்டு, தண்ணீர் மட்டம் தொடும் கோட்டைப் படிக்க வேண்டும். 145-இலிருந்து அந்த டிகிரியைக் கழித்து, மிச்சத்தால் 145-ஐ வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. உப்பு படியத் தொடங்கும் 25 டிகிரிக்கு 145 ÷ 120, அதாவது 1.21. கடல்தண்ணீர் மூன்று, மூன்றரைதான். ஆனால் பாத்தித் தண்ணீரில் மெக்னீசியம் உப்புகளும் கிடக்கும், எல்லாவற்றையும் சோடியம் குளோரைடு என்று எடுத்து மோல் போட்டால் விடை தப்பும்.

வீட்டு போர் தண்ணீருக்கு இவ்வளவு பாடு வேண்டாம். லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதும் பிபிஎம்மும் ஒன்றே. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. கடல்தண்ணீரில் இந்தக் குறுக்குவழி கொஞ்சம் இடறும்: 35,000 பிபிஎம், லிட்டருக்கோ 36 கிராம் கிட்ட.

அப்புறம், 1 மோலார் தயாரிக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து அதில் 58.44 கிராமைக் கொட்டாதீர்கள், அது ஏறக்குறைய 1 மோலால். குடுவையில் பாதித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, பிறகு கோடுவரை நிரப்புங்கள். சித்திரை வெயிலில் கரைசல் விரிந்து மோலாரிட்டி சற்றே இறங்கும், மோலாலிட்டி அசையாது. குடுவையில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்கு வந்தபின் நிரப்புங்கள்.