போட்டியில் கை இறுகினால்: டென்பின் பவுலிங் பழகுவோருக்குப் படிப்படியாக

பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் இந்த ஆட்டத்தில், பயிற்சியில் 150 புள்ளி எடுக்கிறவர் போட்டியன்று 110-ஐத் தாண்டத் திணறினால், ஆட்டம் மறந்துபோனது காரணமில்லை. பதற்றம் கைப்பிடியிலும் கால் வேகத்திலும் புகுந்துவிடுகிறது. சரிசெய்ய வேண்டியதும் அந்த இரண்டு இடங்களைத்தான்.

முதலில், முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸிலிருந்து வெயிலில் வந்து நேரே பந்தைத் தூக்கினால், வேர்த்து வீங்கிய கட்டைவிரல் பந்தின் துளைக்குள் சிக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்தத் தொல்லை அதிகம். ஏசியில் சற்று உட்காருங்கள், கையைத் துண்டால் துடையுங்கள். துளை இன்னும் இறுக்கமாக இருந்தால் உள்ளே ஒட்டிய டேப்பில் ஒன்றை உரித்துவிடுங்கள். விரல் சுருங்கித் தளர்ந்தால் ஒன்றைத் திரும்ப ஒட்டுங்கள்.

அடுத்தது பிடி. முழுப் பலத்தோடு இறுக்குவதை 10 என்று வைத்தால், பந்தை 3 அல்லது 4-இல் பிடிக்க வேண்டும். பயந்தவர் கை தன்னையறியாமல் 8-க்குப் போகும். கட்டைவிரல் தாமதமாகக் கழலும், தோள் விறைக்கும், வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் இழுபடும். பலர் இதைக் குறி தவறியது என்று நினைத்துக் குறியை மாற்றுகிறார்கள். அங்கேதான் ஆட்டம் கெடுகிறது.

ஒவ்வொரு பந்துக்கும் ஒரே வரிசை: லேனில் (பந்து உருளும் பாதையில்) பூசிய எண்ணெய் பந்தில் ஒட்டியிருக்கும், அதைத் துடை, கையை உலர்த்து, கால்களைத் தரையில் குறித்த புள்ளியில் வை, நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. பார்வை 60 அடி தள்ளி நிற்கும் பின்களில் வேண்டாம்; ஃபவுல் லைனிலிருந்து (பந்தை விடும்போது தாண்டக்கூடாத கோடு) சுமார் 15 அடியில் லேனில் குறித்திருக்கும் அம்புகளில், வலக்கைக்காரருக்கு வலமிருந்து இரண்டாவதில் நிற்கட்டும். முதல் அடியை நிதானமாக எடுத்து வையுங்கள். காவடி எடுத்தவருக்கு இது தெரியும், முதல் அடி பதறினால் தோளில் சுமை ஆடும். கால் ஓடினால் பந்தின் வேகமும் கூடும், வளைய நேரமில்லாமல் பாக்கெட்டுக்கு (முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவே உள்ள இடம்) வலப்பக்கமாகப் போய்விடும்.

ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுவது) விழவில்லையே என்று கலங்க வேண்டாம். ஆட்டத்தின் பத்துச் சுற்றுகளில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும், முதலில் 9 பின், அடுத்து ஸ்பேர் (மீதியை இரண்டாம் பந்தில் வீழ்த்துவது), பத்தாவதில் கிடைக்கும் கூடுதல் பந்திலும் 9 என்றால், ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமலே 190 வரும். அதனால் பயிற்சியில் பாதி நேரத்தையாவது ஸ்பேருக்குக் கொடுங்கள்.

பந்து தவறிப் போனால் ஒரே கேள்வி: அம்பின் மேல் போனதா? போகவில்லையென்றால் பிடியையும் காலையும் கவனியுங்கள். போயும் பந்து அதிகம் வளைந்து முன்னால் நிற்கும் முதல் பின்னுக்கு இடப்பக்கம் போனால் லேனில் எண்ணெய் வற்றியிருக்கும். வலக்கைக்காரர் நிற்கும் இடத்தை தரையின் இரண்டு பலகை அகலம் இடப்பக்கம் மாற்றினால் போதும்.

பத்தாவது ஃபிரேமில் பக்கத்து லேன்காரரும் அதே நேரத்தில் பந்து வீச வந்தால், வலப்பக்கத்தவருக்கு வழிவிடுங்கள். பந்தைத் தூக்கிக்கொண்டே காத்திருந்தால் முன்கை சோர்ந்து பிடி மறுபடி இறுகும். பந்தை அதன் ரேக்கில் (தாங்கியில்) வைத்துவிட்டு, துண்டு எடுப்பதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.