மாணவர் கையில் நன்கொடை நிதி: எங்கே சறுக்குகிறோம்?

கொழும்புப் பாடசாலைகளின் மாணவர் மன்றங்கள் உணவு விற்பனை, கலைவிழா டிக்கெட் என்று பணம் சேர்ப்பதில் சூரர்கள். சேர்த்ததைக் கொடுக்கும்போதுதான் சறுக்கல். மன்றமொன்றின் பொறுப்பாசிரியையாக நானும் சறுக்கியிருக்கிறேன்.

முதலாண்டில், படிப்பை இடையில் விட்ட பையன்களுக்குத் தொழில் பழக்கும் கொட்டாஞ்சேனை நிலையமொன்றுக்கு 30 புத்தகப்பைகள் கொடுத்தோம். என்ன வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்றால் பைதானே என்று நாங்களே முடிவுகட்டினோம். ஆறு மாதம் கழித்துப் போனால், பைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலுமாரியின் மேல் அடுக்கியிருந்தன. அங்கே வருபவர்கள் மோட்டார் சுற்றவும் குழாய் பொருத்தவும் பழகும் 17 வயதுக்காரர்கள். பொறுப்பாளர் அம்மா முகம் சுளிக்காமல் தேநீர் தந்தார். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

மேசையில் விரித்தபடி கிடந்த, பையன்கள் வராத நாள்களைச் சிவப்பில் வட்டமிட்ட வரவுப் பதிவேட்டைக் கவனித்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “ஏன் மிஸ், ஒவ்வொரு மாதமும் 20ஆம் திகதிக்குப் பிறகு சிவப்பு வட்டம் கூடுகிறது?” அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது, பிள்ளை.”

அடுத்த ஆண்டு பஸ் கட்டணத்துக்குக் கொடுக்கலாம் என்றதும் எங்கள் குழுவிலேயே எதிர்ப்பு. ‘நிர்வாகச் செலவுக்கு ஒரு சதமும் கிடையாது’ என்பது எங்கள் விதி. இப்படி ஒரு விதியை யார் எழுதி வைத்தார்களோ, எல்லா மன்றங்களிலும் இருக்கிறது. பஸ் காசு, மின்கட்டணம், பயிற்றுநரின் படி ஆகியவற்றைக் கழித்துவிட்டால் அந்த நிலையத்தில் மிஞ்சுவது நான்கு சுவர்தான். பொருளாகக் கொடுத்தால் நமக்குப் படம் எடுக்க வசதி. விதியின் உண்மையான காரணம் அதுவே என்று நினைக்கிறேன்.

வயதைக் கேட்காமல் திட்டம் போடுவது இன்னொரு தவறு. இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016இல் 16ஆக உயர்ந்தது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 16 ஆனது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் 15 வயதுப் பையனை முதலில் பாடசாலைக்குத் திருப்ப வேண்டும். 17 வயதுக்காரனுக்கோ கைத்தொழிலும் அதற்கான சான்றிதழும் வேண்டும். இருவரையும் ‘இளைஞர்’ என்ற ஒரே பெட்டியில் போட்டால் பணம் யாருக்கும் உதவாது.

டொரொண்டோவில் 2002இல் தொடங்கிய ‘யூத் அண்ட் பிலான்த்ரபி இனிஷியேட்டிவ்’ திட்டத்தில், மாணவர் குழுக்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து சபைமுன் வாதாடுகின்றன. வென்ற குழு தெரிவுசெய்த நிறுவனத்துக்கு நிதி கிடைக்கிறது. நல்ல முறைதான். ஆனால் விவாத மேடையில் ஊறிய நம் பிள்ளைகளிடம் இதை விட்டால், நாவன்மை வென்று நிலையம் தோற்றுவிடும். நேரில் போய்ப் பார்த்ததற்கே பாதிப் புள்ளிகளை ஒதுக்குங்கள். குழுவில் யாருடைய மாமாவாவது அந்த நிறுவனத்தில் இருந்தால், அந்த மாணவர் வாக்களிக்காமல் விலகட்டும்.

பதிவு இருக்கிறதா, வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரிலா என்று பாருங்கள். அதற்காக 40,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்க அறிக்கை கேட்காதீர்கள். முடிவெடுத்த பணத்தை இழுத்தடிக்கவும் வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஓராண்டுக்குள் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் ஒப்புக்கொண்ட தொகையை அப்போது கொடுத்திருந்தால் திட்டம் முழுமையாக நடந்திராது.

நிலையத்துக்குப் போகும் இடத்தில் ஒரு பிள்ளை தனக்கு நேரும் கொடுமையைச் சொன்னால், “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என மாணவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

கடைசியாகப் படங்கள். ராட்சத அட்டைக் காசோலை, வரிசையாகப் பையன்கள், கீழே ‘வழிதவறிய இளைஞருக்கு உதவி’ என்ற வாசகம். எங்கள் முதலாண்டுப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மன்றத்தார் எல்லோரும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பையை வாங்கும் பையன் மட்டும் முகத்தை வாசல் பக்கம் திருப்பியிருக்கிறான். பையை நீட்டும் எங்கள் மாணவன், எட்டாம் வகுப்புவரை அவனோடு ஒரே வாங்கில் இருந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது.