பர்னாந்து என்ற பெயரின் வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி, மணப்பாடு, வேம்பாறு, மன்னார், நீர்கொழும்பு, மொறட்டுவை என்று எந்தக் கரையூரில் போய் விசாரித்தாலும் ஒரு பர்னாந்து வீட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது வெளிநாடுகளில் இருந்துகொண்டு, நம் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம், செய்யத்தான் வேண்டும். ஆனால் தொடக்கத்திலேயே தப்பான பாதையில் போய், வருடக்கணக்காக அலைபவர்கள் நிறைய.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, பெயர் போர்த்துக்கீசியப் பெயர் என்றால் முன்னோரும் போர்த்துக்கீசியர் என்று நம்புவது. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையின் கதை வேறு. முத்துக்குளிப்பு உரிமையை வைத்து நடந்த மோதலில், 1530களில் அந்தக் கரையின் மீனவர்களும் முத்துக்குளிப்போருமான பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். பட்டங்கட்டிகள் என்ற அவர்களுடைய ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு அங்கிருந்து குருமார் வந்து, ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தபோது இந்தக் கரை ஏற்கெனவே கிறிஸ்தவக் கரை. ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுப்பதுதான் அவருக்கு முதல் வேலையாக இருந்தது. ஞானத்தகப்பனுடைய பெயர், குருவானவர் வைத்த பெயர், அதிகாரி ஒருவரின் பெயர் என்று அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டவைதான் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, மோத்தா, கர்டோசா, மிராண்டா எல்லாம். கலப்புத் திருமணம் நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. இலங்கையில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சமூகமே இருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இதே நம்பிக்கையில்தான் சிலர் இணையத்தில் 'குடும்பக் கேடயச் சின்னம்' என்று விற்பதைக் காசு கொடுத்து வாங்கி, சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். கேடயச் சின்னம் என்பது குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. ஒரே பெயர் உள்ள எல்லோருக்கும் சேர்த்து யாரும் கொடுத்ததில்லை. அதோடு ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பெர்னாண்டோ, அதாவது நம் பர்னாந்து, முதன்மையாக ஆளுக்கு இடும் பெயர். அந்த இரண்டு நாடுகளும் உள்ள ஐபீரியாவை முற்காலத்தில் ஆண்ட விசிகோத்தியரின் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. 'பயணம்', 'துணிவு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது என்பது பரவலான விளக்கம். முதல் பாதி 'சமாதானம்' என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஸ்பெயினின் கஸ்டீலை ஆண்ட மன்னர்கள் சிலருக்கும் இந்தப் பெயர் இருந்தது. அந்த மன்னர்களுக்கும் மணப்பாட்டு வீட்டுக்கும் இதனால் எந்தத் தொடர்பும் வந்துவிடாது.

பெர்னாண்டோவின் மகன் என்ற பொருளில் வருவது பெர்னாண்டஸ். கோவாவிலும் மங்களூரிலும் இதுதான் அதிகம். இரண்டும் வேறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் தூத்துக்குடியில் அந்தக் கணக்கு உதவாது. தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவரைத் தமிழில் குரூஸ் பர்னாந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அவர் பெரும்பாலும் குரூஸ் பெர்னாண்டஸ். தமிழில் ஒரே பர்னாந்தாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாகப் போய்விடுகிறது. அதனால் ஆங்கில எழுத்தை வைத்து 'இது நம் குடும்பம் இல்லை' என்று எந்தத் தாளையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பர்னாந்து என்றால் எல்லோரும் ஒரே வம்சம் என்று நினைத்து, கண்ணில் பட்ட பர்னாந்துகளையெல்லாம் வம்சாவளிப் படத்தில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை கிரிக்கெட் அணியில் ஆடிய பெர்னாண்டோக்களைப் பாருங்கள். தில்ஹார பெர்னாண்டோவின் முழுப் பெயர் கொங்கெனிகே ரந்தி தில்ஹார பெர்னாண்டோ. விஷ்வ பெர்னாண்டோ, முத்துதந்திரிகே விஷ்வ திலின பெர்னாண்டோ. கடைசிப் பெயர் ஒன்று. முன்னால் நிற்கிற, 'கே' என்று முடியும் வீட்டுப் பெயர் வேறு வேறு. சிங்களக் குடும்பங்களில் வழி சொல்வது அந்த வீட்டுப் பெயர்தான். ஸ்கோர் அட்டையில் டபிள்யூ.பி.யூ.ஜே.சி. வாஸ் என்று படித்திருப்போம். வாஸும் போர்த்துக்கீசியப் பெயரே. அந்த இனிஷியல்களில் முதல் இரண்டு வர்ணகுலசூரிய, பட்டபெந்திகே. வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய போன்றவை பெருங்கூட்டத்தின் பெயர்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில் ஏராளமானவர்களுக்கு உண்டு. ஆகவே அதற்கு அடுத்து நிற்கும் பெயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், பர்னாந்து என்ற பெயரைவிட அதற்கு முன்னால் சுருங்கி நிற்கும் அந்த இனிஷியல்கள்தான் பொக்கிஷம். தாத்தா பாட்டி இருக்கும்போதே அவற்றின் விரிவைக் கேட்டு எழுதி வையுங்கள்.

உலகத்தில் இத்தனை லட்சம் பெர்னாண்டோக்கள் என்று சொல்லும் இணையதளங்களையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இலங்கையில் பெரேரா, சில்வாவோடு முன்வரிசையில் நிற்கும் பெயர் இது என்பது உண்மை. ஆனால் அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் தகப்பனுக்கு இட்ட பெயரே பிள்ளைக்குக் கடைசிப் பெயராக வந்துவிடுவது சாதாரணம். பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் ஒரு பட்டியலை வைத்துக் குடும்பப் பெயர்களை வழங்கச் செய்தார். இப்படி வெவ்வேறு வழியில் வந்தவர்களை ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணைச் சொன்னால், அது உங்கள் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பெயரைக் கேட்டதும் சிங்களவர் என்றோ கத்தோலிக்கர் என்றோ முடிவு கட்டுவதும் சரியில்லை. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போன தலைமுறைகளில் சிங்களத்துக்கு மாறின. அதே தெருவில் அண்ணன் பிள்ளைகள் ஒரு மொழியும் தம்பி பிள்ளைகள் இன்னொரு மொழியும் பேசலாம். பௌத்தர்களிலும் பெர்னாண்டோ உண்டு. போர்த்துக்கீசியருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் ஞானஸ்நானமும் சபைப் பதிவும் இருந்தால்தான் திருமணம் செல்லும், சொத்து பிள்ளைக்குப் போகும் என்ற நிலை இருந்தது. பெயரளவில் பதிந்துகொண்டு பழைய வழியிலேயே நடந்தவர்கள் பலர்.

அந்த ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகள் என்ற பதிவேடுகள் இன்று நமக்குப் பெரிய உதவி. காணித்தோம்பில் நிலமும் உரிமையாளரும், பள்ளித்தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் இருக்கும். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 18ஆம் நூற்றாண்டுத் தோம்புகள் பல இருக்கின்றன. இந்தியக் கரையில் பங்குக் கோயில் பதிவேடுகள்தான் வழி.

அங்கே போய் 'பெர்னாண்டோ' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பக் கூடாது. தமிழில் பர்னாந்து, பர்ணாந்து, பெர்னாந்து, பெர்னாண்டோ என்றெல்லாம் இருக்கும். சிங்களத்தில் ஏறக்குறைய 'பிரனாந்து' என்று எழுதுவதால் அகர வரிசையில் வேறு இடத்தில் நிற்கும். ஆளின் பெயரும் மாறும்: லத்தீனில் எழுதிய பதிவேட்டில் யோசேபுஸ் என்றிருப்பவர் வீட்டில் சூசை, பெத்ருஸ் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன். இதை அறியாததால், சொந்தத் தாத்தாவின் பதிவைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

இடையில் பெயரே காணாமல் போவதும் நடக்கும். தமிழ்நாட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் போதும் என்று பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, பர்னாந்து விடுபட்டுப்போன வீடுகள் உண்டு. இலங்கையில் டொன் டேவிட் ஹேவாவிதாரண என்று பிறந்தவர் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலவாக மாறிய காலத்தில், போர்த்துக்கீசியப் பெயர்களை விட்டுவிட்டு உள்ளூர்ப் பெயர் வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். பதிவேட்டில் ஒரு தலைமுறையோடு பர்னாந்து நின்றுவிட்டால் வம்சம் அற்றுப்போனது என்று எழுதிவிடாமல், அதே வீட்டு விலாசத்தில் அடுத்த தலைமுறை எந்தப் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.